வளரும் சந்தைகளின் சொந்தக்காரர்

ஓக்லாந்துத் தமிழரை மூன்று இனமாகப் பிரிக்கலாம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்: வீடு வாங்கியவர், இரண்டாவது வீடும் வாங்கியவர், 2012இல், விலை ஏறுமுன், வாங்காமல் விட்டதை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர். எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் கேக் வெட்டுமுன் இந்த மூன்றும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோழிப் பொரியல் வைத்த மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் பேப்பர் தட்டைப் பிடித்தபடி தனியே நின்று, மூன்று கூட்டத்தையும் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் நான்காவது இனம். வளரும் சந்தைகளின் சொந்தக்காரர்.

அடையாளம் காண்பது எளிது. "சுகமா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் "ஓம், சுகம்" என்பார்கள். இவர், "நீண்டகால நோக்கிலை சுகம்" என்பார்.

அவர் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாதாமாதம் ஒரு ஃபண்டில் காசு போடுகிறார். அந்த ஃபண்ட் இந்தியா, சீனா, தைவான், பிரேசில், தென்னாபிரிக்கா என்று இனிமேல்தான் பணக்காரராகப் போகிற நாடுகளிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் கொம்பனிகளில் ஒவ்வொரு துணுக்கு வாங்கி வைக்கும். எது உருப்படும், எது உருப்படாது என்று யாரும் மூளையைப் போட்டுக் கசக்குவதில்லை. பட்டியலில் இருப்பதையெல்லாம் வாங்குவது, பிறகு சும்மா இருப்பது. கசக்குவதற்கு மூளை தேவையில்லாததால் கட்டணமும் குறைவு. இதில் ஒரு பிழையும் இல்லை, நல்ல யோசனைதான். வில்லங்கம் எங்கே என்றால், சும்மா இருக்க வேண்டிய இந்த மனிதர் அதைப் பற்றி மட்டும் சும்மா இருக்க மாட்டார்.

எங்கள் தவராசா அண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்குரங்காவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. வயது ஐம்பத்தெட்டு. பஸ் கொம்பனி ஒன்றில் நேர அட்டவணை போடுகிற உத்தியோகம். எந்த பஸ் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதை இருபது வருடமாகக் கண்ணால் கண்டவர். அதனால்தானோ என்னவோ, எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்று அந்த ஃபண்டின் விளக்கப் புத்தகத்தில் வாசித்ததும் மனிதர் அப்படியே கரைந்துபோனார்.

முதல் ஐம்பது டொலரைப் போட்ட நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. சும்மாவா? அவர் இப்போது ஆயிரம் கொம்பனியின் முதலாளி. கடைத்தெருவில் ஒரு பிரேசில் நாட்டுப் பெண் கோப்பி போட்டுக் கொடுத்தால், "உங்கட நாட்டிலை வட்டி வீதம் எப்பிடி?" என்று விசாரிப்பார். தைவானில் நில அதிர்வு என்றால் இவர் வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது. பழைய குளிர்சாதனப் பெட்டி பழுதானபோது, மலிவான ஒன்று பக்கத்திலேயே இருக்க, முந்நூறு டொலர் கூடக் கொடுத்து கொரியப் பெட்டிதான் வாங்கினார். ஏன்? அது "எங்கட கொம்பனி". அந்த முந்நூறில் அவருக்குப் பங்காகத் திரும்பி வரப்போவது ஒரு சதத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "கொள்கை எண்டு ஒண்டு இருக்கு, தம்பி" என்றார்.

கொரியா வளர்ந்து முடிந்த நாடா, இன்னும் வளர்கிற நாடா என்று இந்த இனத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பட்டியல் போடுகிற இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொல்லுகின்றன. இதனால் தவராசா அண்ணை தன் பள்ளித் தோழர் ஒருவரோடு பதினாலு மாதம் பேசாமல் இருந்தார். "அப்ப எங்கட இலங்கை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். குரலைத் தாழ்த்தி, நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல், "அது இன்னும் வளரத் தொடங்கேல்லை எண்டு வேற பட்டியலிலை போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

கட்டண விஷயத்தில்தான் அவர் சூரர். ஆண்டுக்கு நூறு டொலருக்கு முப்பது சதம் எடுக்கிற ஃபண்டில் இருப்பார். இருபத்தைந்து சதத்துக்கு ஒன்று வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டால் மறுநாளே எல்லாவற்றையும் விற்று அங்கே மாறிவிடுவார். இப்படி ஐந்து தரம் மாறினார். ஒவ்வொரு தரமும் எங்களுக்கெல்லாம் தகவல் வரும். வாழ்த்துச் சொல்லவேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஏப்ரலில் அவர் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. இருக்கையறையில் சோபாவுக்கு நேர் மேலே. மனைவி சுகந்தினி அக்கா, முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறவர், நிதானமான மனுசி, மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ, கூரைக்கு ஒரு ஆளைக் கூப்பிடுவம். அந்த ஃபண்டிலை கொஞ்சம் எடுங்கோவன்."

"அது 2041இலை எடுக்கிற காசு."

"கூரை இப்ப ஒழுகுது."

"ஒழுக்கு எண்டுறது குறுங்காலப் பிரச்சினை, சுகந்தினி."

அக்கா ஒரு வாளியை எடுத்து ஒழுக்குக்குக் கீழே வைத்தார். அண்ணை வந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். எந்த இடம் ஒழுகும் என்று முன்கூட்டிச் சொல்ல மனிதரால் ஏலுமா? ஒரே இடத்தில் நம்பிக்கை வைப்பது மடமையல்லவா? ஆகவே அறை முழுவதும் பாத்திரம் பரப்பப்பட்டது. இட்டலிச் சட்டி, கேக் தட்டு, மகளின் பழைய மதியச் சாப்பாட்டுப் பெட்டிகள், பொங்கல் பானை, தேத்தண்ணிக் கோப்பைகள் என்று மொத்தம் நாற்பத்து மூன்று. சுவரோரமாக ஒருக்களித்து நடந்தால்தான் தொலைக்காட்சிக்குப் போகலாம். அன்றிரவு மழை, சொல்லி வைத்தாற்போல், இட்டலிச் சட்டிக்கும் பொங்கல் பானைக்கும் நடுவே இருந்த நாலு அங்குல இடைவெளியில் விழுந்தது.

"கொஞ்சம் பிசகும்" என்றார் அண்ணை. "எல்லா ஃபண்டிலையும் அப்பிடித்தான்."

மூன்று மாதம் இந்தக் கோலம். அதற்குள் மகள் பிரணவிக்கு ஒரு இடம் சரிவந்தது. பையன் கீதன் அவளோடு படித்தவன். இருவரும் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். முறைக்கு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வீட்டார் கிளென்ஃபீல்டிலிருந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தகப்பன் ஏரம்பமூர்த்தி நாலு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர். அதாவது இரண்டாவது இனம், முற்றிய பருவம்.

"அவை வரேக்கை இந்தக் கூரை ஒழுகினால், நான் சமையலறையை விட்டு வெளியிலை வரமாட்டன்" என்று சுகந்தினி அக்கா சொன்னார். குரல் உயரவில்லை. அதனால்தான் அண்ணைக்குப் பயம் வந்தது.

கூரை வேலைக்காரர் தர்மேந்திரா வந்தார். ஃபிஜிக்காரர். பூட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் "வாங்க", "சாப்பாடு", "மாமா" என்ற மூன்று சொல்தான். மற்றது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். ஏறிப் பார்த்து இறங்கி, "ஆறு ஓடு உடைஞ்சிருக்கு. ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றார்.

"ஒரு ஓடு என்ன விலை?"

"பத்து டொலர், மாமா."

அண்ணை மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். முகம் வெளிறியது. "நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கட்டணம்! உலகத்திலை எந்த ஃபண்ட்காரனும் இப்பிடி எடுக்கிறேல்லை."

"நான் கூரைக்காரன், மாமா."

அண்ணை அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, தோளில் கைவைத்து, "ஃபிஜி இன்னும் எங்கட பட்டியலிலை வரேல்லை. மனம் தளராதேங்கோ" என்று தேற்றி அனுப்பினார். ஏன் தேற்றப்பட்டோம் என்று தர்மேந்திராவுக்கு இன்றுவரை தெரியாது.

தானே திருத்துவதென்று முடிவு. கழிவு விலையில் ஐந்து குழாய் ஒட்டுப்பசை வாங்கி வந்தார். அந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மழை விட்டிருந்த நேரம் பார்த்து, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஏணி வைத்து ஏறினார்.

எங்கள் சனி காலை எட்டு மணிக்கு, அங்கே வெள்ளி பின்னேரம், நியூயோர்க் சந்தை மூடும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அவர் போன் சிணுங்கியது. கூரையில் உட்கார்ந்து பார்த்தார். நூற்றுக்கு நாலு வீதம் சரிவு. அதிர்ச்சியில் கால் நீட்டினார். கால் ஏணியில் பட்டது. ஏணி ஓரமாகச் சறுக்கி எலுமிச்சை மரத்தின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

மனைவிக்கு அடித்தார். இதற்குப் பிறகு நடந்த உரையாடலை இருவரும் தனித்தனியே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லும் மாறவில்லை.

"சுகந்தினி, விழுந்திட்டுது!"

"எவ்வளவு?"

"முழுசா!"

"ஏறும், விடுங்கோ. நீங்கள்தானே சொல்லுவியள்."

"எப்பிடி ஏறும்? கீழ கிடக்கு!"

"கீழ கிடக்கேக்கைதான் இன்னும் வாங்கவேணும் எண்டும் நீங்கள்தான் சொல்லுவியள். வையுங்கோ, எண்ணெய் காயுது."

ஒன்பது வருடமாக வாரத்துக்கு இரண்டு தரம் இதே அழைப்பைக் கேட்ட பெண் வேறென்ன சொல்வார்? இரண்டாம் தரம் அடித்தபோது அவர் எடுக்கவில்லை. மகளுக்குச் செய்தி அனுப்பினார்: "விழுந்திட்டுது. உடனே உதவி தேவை." தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பிரணவி ஒற்றைக் கையால் பதில் போட்டாள்: "டோன்ட் செல், அப்பா." பக்கத்தில் ஒரு இதயம்.

சந்தை விழுந்த நாளில் அவர் கராஜுக்குள் போய் இருந்து வரைபடம் பார்ப்பது வழக்கமானபடியால் ஒருவரும் தேடவில்லை.

பத்து மணிக்கு விருந்தினர் வந்தார்கள். ஏரம்பமூர்த்தி, மனைவி கௌரி, மகன் கீதன். பெண் வீட்டுப் பக்கம் ஆள் குறைவாய்த் தெரியக் கூடாதென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பாத்திரமும் குளியலறைக்குள் அடைக்கப்பட்டிருந்தன. அவர்கள் கார் திரும்புவதைக் கண்ட அண்ணை, கூரையில் குந்தியிருக்கிற சம்பந்தியாகத் தன்னை அறிமுகப்படுத்த விரும்பாமல், மறுபக்கச் சரிவுக்குத் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டார். மழை தொடங்கியது.

உள்ளே வடையும் பற்றீசும் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். "அவர் எங்க?" என்று கௌரி கேட்டார். "இப்ப வந்திடுவார்" என்றார் சுகந்தினி அக்கா. அப்போது மேலே சர சரவென்று ஏதோ நகர்ந்தது.

ஏரம்பமூர்த்தி தலையை நிமிர்த்திக் கேட்டார். நாலு கூரைக்குச் சொந்தக்காரர், பழகிய காது. "பொசம்" என்றார். நியூசிலாந்தில் கூரைக்கு மேல் சத்தம் கேட்டால் அந்த மரநாய்போன்ற பிராணிதான். மறுபடி சத்தம். "நல்ல பெரிய பொசம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேலே ஓடு மளுக்கென்று உடைந்தது. சோபாவுக்கு மேலே, சுவரோரம், மூன்று மாத மழையில் ஊறிக் கிடந்த சீலிங் பலகை பிளந்துகொண்டு ஒரு கால் இறங்கியது. முழங்கால்வரை. ரப்பர் சப்பாத்து கழன்று வடைத் தட்டுக்குள் விழுந்தது. பெருவிரல் தெரிகிற ஓட்டைக் காலுறையோடு அந்தக் கால் எங்கள் தலைக்கு மேலே இரண்டு தரம் ஆடி நின்றது.

சுகந்தினி அக்கா கையிலிருந்த கேத்தலை மேசையில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்தார்.

"இவர்தான் பிரணவியின்ர அப்பா" என்றார்.

கீதன் நல்ல வளர்ப்பு. உடனே எழும்பி, காலைப் பார்த்து, "வணக்கம் அங்கிள்" என்றான்.

"வணக்கம், வணக்கம்" என்றது மேலிருந்து ஒரு குரல். "எழும்பாதேங்கோ. சாப்பிடுங்கோ."

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோபாவில் ஏறி நின்று, காலைச் சுற்றியிருந்த பலகையைத் தட்டிப் பார்த்தார். "எவ்வளவு காலமா ஒழுகுது?" என்று மேலே நோக்கிக் கேட்டார்.

"மூண்டு மாசம்."

"ஏன் திருத்தேல்லை?"

கேட்டிருக்கக் கூடாது. ஒரு கால் இருக்கையறையிலும் மற்ற மேனி முழுவதும் மழையிலுமாக அண்ணை விளக்கத் தொடங்கினார். குறைந்த கட்டணம், பரவலான முதலீடு, இன்னும் இருபது வருடத்தில் உலகச் சனத்தொகை எங்கே கூடும். பேச்சு சூடுபிடிக்கப் பிடிக்கப் பெருவிரலும் சேர்ந்து பேசியது: பிரேசில் என்றால் இடப்பக்கம், தைவான் என்றால் வலப்பக்கம். கௌரி அந்த விரலை இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கீதனும் வெளியே ஓடி, எலுமிச்சை மரத்திலிருந்து ஏணியை எடுத்து வைத்து அவரை இறக்கும்போது சவூதி அரேபியாவுக்கு வந்திருந்தார்.

ஏரம்பமூர்த்தி தன் வழக்கமான கூரைக்காரருக்கு அடித்தார். அரை மணியில் வான் வந்து நின்றது. தர்மேந்திரா இறங்கி, சீலிங்கைப் பார்த்து, துவாய் போர்த்திக் கதிரையில் இருந்த அண்ணையைப் பார்த்து, "வாங்க, மாமா" என்றார், தன் மூன்று சொல்லில் இரண்டைச் செலவழித்து. இப்போது ஓடு, பலகை, பூச்சு, சனிக்கிழமைக் கூலி எல்லாமாக ஏழாயிரம்.

அண்ணை போனை எடுத்தார். ஃபண்டைத் திறந்தார். விற்கிற பொத்தான்மேல் பெருவிரல் நின்றது. சிரிக்கத்தான் எழுதுகிறேன், ஆனால் அப்போது சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடம் ஊரெல்லாம் பிரசங்கம் செய்த மனிதர், நாலு வீதம் விழுந்த நாளில், சம்பந்தி முன்னால், ஒற்றைச் சப்பாத்தோடு.

தோளுக்குப் பின்னால் நின்ற பிரணவி திரையைப் பார்த்துவிட்டாள். "அப்பா, திஸ் இஸ் லெஸ் தன் வட் யூ புட் இன்" என்றாள் மெதுவாக.

போட்டதைவிடக் குறைவாக இருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு. ஐந்து தரம் மாறியது ஐந்து சதக் கட்டணத்துக்காக அல்ல. பிரணவி திரையைக் கீழே தள்ள, விற்ற வாங்கிய தேதியெல்லாம் தெரிந்தது: ஒவ்வொரு தரமும் சந்தை விழுந்தபோது பயத்தில் விற்று, ஏறிய பிறகு துணிவு வந்து புதிதாக வாங்கியிருக்கிறார். கட்டணம் என்பது எங்களுக்குச் சொன்ன காரணம். தனக்கும் சொன்ன காரணம்.

"குறுங்காலத்திலை..." என்று தொடங்கினார். துவாயின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

சுகந்தினி அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். "எனக்கும் ஒண்டு திறந்து தந்தனீங்களெல்லோ?" என்றார். "தொடக்கத்திலை. கிழமைக்கு இருபத்தைஞ்சு டொலர் சம்பளத்திலை கழியுது. அதை எடுப்பம்."

"அதின்ர கடவுச்சொல்?"

"ஆருக்குத் தெரியும்?"

பிரணவி தாயின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, திறக்கப்படாமல் கிடந்த நானூறு கடிதங்களைத் தாண்டி, ஒருவழியாக அந்தக் கணக்கைத் திறந்தாள். பதினேழாயிரத்துச் சொச்சம். போட்டது பன்னிரண்டுகூட இல்லை.

அண்ணை போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. மறந்துபோனன்."

பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. துவாயை உதறிக்கொண்டு எழும்பி, ஓட்டைக் காலுறையோடு நடு அறைக்கு வந்து, எங்கள் எல்லோரையும் பார்த்து, "கண்டியளோ!" என்றார். "நான் அப்பவே சொன்னன்!"

சுகந்தினி அக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் நீர் வழிய, கௌரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோகும்வரை சிரித்தார். கௌரிக்கும் தொற்றியது. அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் உறுதியானது என்று நான் நினைக்கிறேன். தாம்பூலம் பிறகு மாற்றினோம், அது சும்மா முறைக்கு.

கூரை அன்றே திருத்தப்பட்டது. கலியாணம் தை மாதம் நடந்தது. அண்ணையின் கணக்கு இப்போது அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அதையும் அவர் மறந்துவிட்டார். அண்ணை வேலைக்குப் போகிறார், வருகிறார், தைவான் அதிர்ந்தாலும் சாப்பிடுகிறார்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். அன்று பின்னேரம் விருந்தினர் புறப்பட்டபோது ஏரம்பமூர்த்தி, நிலமும் செங்கல்லும் தவிர வேறெதையும் நம்பாத அந்த ஏரம்பமூர்த்தி, கார் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி, மனைவிக்குக் கேளாத குரலில் சுகந்தினி அக்காவிடம் கேட்டார்: "தங்கச்சி, உங்கட அந்த ஃபண்டின்ர பேர் என்ன?"

இதைச் சொல்லும்போது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரியுங்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பதினேழாயிரம் என்று நான் எழுதிய இடத்திலிருந்து இந்த வரிவரைக்கும், அவர் கேட்ட அதே கேள்வி உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?